நின்றால் கொதிக்கும் கார்

மன்னாரில் ஒரு காரின் விசிறி பழுதாகிக் கிடப்பது பங்குனி, சித்திரையில்தான் வெளியே தெரியவரும். அந்த மாதங்களில்தான் விசிறிகள் பழுதாகின்றன என்பதல்ல இதற்குக் காரணம். தையில் பழுதான விசிறியை வாடைக் காற்று மறைத்து வைத்திருக்கும். வாடை ஓய்ந்து, தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் இன்னும் கிளம்பாத அந்த இடைவெளியில் கடற்கரையிலேயே இலை அசையாது. அப்போதுதான் பஜாரில் ஐந்து நிமிடம் நின்ற கார் பொனற்றின் கீழிருந்து ஆவி விடத் தொடங்கும். வெயிலைத் திட்டுவோம். வெயில் செய்ததை விட, காற்று செய்யாமல் விட்டதுதான் அதிகம்.

இதை ஒரு கணக்காகவே பார்த்துவிடலாம். காற்று எதன் மீது மோதினாலும் ஓர் அழுத்தம் உண்டாகும். வேகம் இரண்டு மடங்கானால் அந்த அழுத்தம் நான்கு மடங்காகும். நொடிக்கு 10 மீற்றர் வேகத்தில், அதாவது மணிக்கு 36 கிலோமீற்றரில், வீசும் சோளகம் தன்னை நோக்கி நிற்கும் காரின் முகப்பில் சுமார் 60 பாஸ்கல் அழுத்தத்தைத் தரும். மணிக்கு 60 கிலோமீற்றரில் ஓடும் கார், காற்றே வீசாத நாளிலும், தன் ஓட்டத்தாலேயே 160 பாஸ்கல் அளவுக்கு உண்டாக்கிக்கொள்ளும். ரேடியேற்றருக்குப் பின்னால் இருக்கும் மின்விசிறி உண்டாக்குவதும் ஏறத்தாழ இதே அளவுதான்: நூறு, இருநூறு பாஸ்கல். ஆக, ரேடியேற்றர் ஊடாகக் காற்றைத் தள்ள ஒரு காருக்கு மூன்று வழிகள் உண்டு: ஓட்டம், இயற்கைக் காற்று, விசிறி. ஓடும் காருக்கு விசிறி தேவையே இல்லை. காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கும் காருக்குப் பாதித் தேவைதான். காற்று விழுந்த இடத்தில் நிற்கும் காருக்கு விசிறியை விட்டால் வேறு கதி இல்லை.

மன்னார்த் தீவின் தென்கரையோரம் நிற்கும் தம்பபவனி காற்றாலைகளைப் பாருங்கள். இலங்கை மின்சார சபைக்காக 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட 30 காற்றாலைகள். மொத்தம் 100 மெகாவாற்றைச் சற்றுத் தாண்டும். அவையும் சூடாகின்றன, ஜெனரேற்றரும் கியரும் உண்டாக்கும் வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். ஒவ்வொன்றின் தலைப்பகுதியின் மேலும் நிமிர்ந்து நிற்கும் ஒரு சட்டம் தெரியும். அதுதான் அதன் ரேடியேற்றர். அதற்கு விசிறி இல்லை, வீசும் காற்றே போதும். காற்றாலை எப்போது சூடாகும்? காற்று வீசும்போது. காற்று நின்றால் வெப்பமும் நின்றுவிடும். வெப்பமும் குளிர்ச்சியும் ஒரே வாசலால் வருகின்றன. காருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. காற்று வீசினாலும் வீசாவிட்டாலும் அதன் எஞ்சின் எரிந்துகொண்டேயிருக்கும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் விசிறி வந்தது.

அது வந்த கதையும் அப்படித்தான். 1888இல் பெர்த்தா பென்ஸ் ஜெர்மனியின் மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீற்றருக்கும் மேல் காரில் போனபோது, எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் கொதித்துக் கொதித்து ஆவியாகிப் போனது. வழி நெடுக ஊர்களில் நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. 1900இன் இறுதியில் வில்ஹெல்ம் மைபாக் வடிவமைத்த மெர்சிடீஸ் காரில்தான் இன்றைய ரேடியேற்றரின் முன்னோடி வந்தது: 8,070 சிறு குழாய்களை அடுக்கிச் செய்த தேன்கூடு போன்ற பெட்டி. அதற்குப் பின்னால் மைபாக் ஒரு விசிறியையும் வைத்தார். கார் மெதுவாகப் போகும்போது காற்றை இழுப்பதற்கென்றே வைத்தார். நூற்றிருபது வருடங்களுக்கு மேலாகியும் அந்த விசிறியின் வேலை மாறவில்லை.

எவ்வளவு வெப்பம் என்ற கேள்வி இனி. பெற்றோலில் உள்ள ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஓட்டத்துக்குப் போகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மிச்சம் தண்ணீரோடு ரேடியேற்றருக்கு வருகிறது. நின்றபடி ஏசி போட்டு ஓடும் ஒரு சின்னக் காரில் தண்ணீருக்கு வந்து சேர்வது சுமார் மூன்று கிலோவாற் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சினில் 80 கிலோ உலோகம், ஐந்து லீற்றர் தண்ணீர். விசிறி ஓடாவிட்டால் இவ்வளவும் 90 பாகையிலிருந்து 115க்கு ஏறப் பத்து நிமிடம் போதும். பொனற் வழியே கசியும் வெப்பத்தைக் கழித்தால் பதினைந்து. "நிண்டு கொஞ்ச நேரத்தில சூடாகுது" என்று சாரதிகள் சொல்லும் அந்தக் "கொஞ்ச நேரம்" இதுதான். ஒரு நிமிடத்திலேயே ஊசி சிவப்புக்குப் பாய்ந்தால் அது விசிறியின் வேலை அல்ல. தண்ணீர் இல்லை, அல்லது தண்ணீர் சுற்றவில்லை என்று அர்த்தம்.

ஆகவே, ஸ்பானரை எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: எப்போது சூடாகிறது?

மடு மாதாவின் ஆவணித் திருவிழாவுக்குக் கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வரும் வாகனங்களை நினைத்துப் பாருங்கள். ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய நாட்களில் மடுச் சந்தியிலிருந்து கோயில் வரை காட்டுப் பாதையில் வரிசை நகரும். இருபுறமும் மரங்கள் நிற்பதால் கடற்கரையில் சுழன்றடிக்கும் சோளகம் அங்கே தரைக்கு இறங்காது. பல மணி நேரம் நெடுஞ்சாலையில் ஒரு குறையுமில்லாமல் ஓடிவந்த கார் அங்கே கொதித்தால், அது அன்று பழுதான கார் அல்ல. எப்போதோ பழுதாகி, ஓட்டக் காற்றின் தயவில் ஊர் வரை வந்த கார்.

"ஓடேக்க ஒரு பிரச்சினையும் இல்லை அண்ணை, நிண்டாத்தான் ஏறுது" என்று ஒருவர் சொன்னால் பாதி நோய் அறியப்பட்டாயிற்று. விசிறி, அல்லது விசிறியை ஓடச் சொல்லும் ஏதோ ஒன்று. இதற்கு நேர்மாறாக, நின்றால் சரி, வேகமாக ஓடினால் ஏறுகிறது என்றால் விசிறியை மறந்துவிடலாம். அது ரேடியேற்றர் அடைப்பு, தண்ணீர்ப் பம்ப், திறக்காத தெர்மோஸ்டாற் ஆகியவற்றின் பக்கம். மன்னாரில் அடைப்பு சாதாரணம். தீவின் கிணறுகள் பலவற்றில் நீர் உவர்ப்பும் கடினமும் கொண்டது. அதிலுள்ள சுண்ணாம்பு, தண்ணீர் சூடாகச் சூடாகக் கரைசலிலிருந்து பிரியும். எங்கே அதிகம் சூடோ அங்கேயே படியும். கிணற்று நீரை ரேடியேற்றரில் ஊற்றாதீர்கள். கூலன்ற் இல்லாவிட்டால் சேமித்த மழைநீர் எவ்வளவோ மேல்.

புழுக்கத்தையும் குற்றம் சாட்டுவார்கள். நம் உடம்பு வியர்வை ஆவியாவதால் குளிர்கிறது. ஈரக் காற்றில் அது நடக்காது, அதனால் புழுங்குகிறோம். ரேடியேற்றர் வியர்ப்பதில்லை. அதற்கு வேண்டியது தண்ணீருக்கும் காற்றுக்கும் இடையிலான வெப்பநிலை வித்தியாசம் மட்டும். 90 பாகைத் தண்ணீர், 33 பாகைக் காற்று: 57 பாகை வித்தியாசம், தாராளம். ஆனால் ஏசி போட்டதும் புழுக்கம் பின்வாசலால் வருகிறது. காருக்கடியில் சொட்டும் தண்ணீர், உள்ளே இருந்த காற்றின் ஈரம் குளிர்ந்து நீரானது. மணிக்கு ஒரு லீற்றர் சொட்டினால் அதற்காக மட்டுமே 600 வாற்றுக்கு மேல் வெப்பம் ஏசியின் கொண்டென்சருக்குப் போகிறது. கொண்டென்சர் ரேடியேற்றருக்கு முன்னால் இருக்கிறது. 33 பாகையில் உள்ளே நுழைந்த காற்று ரேடியேற்றரைத் தொடும்போது 45ஐ நெருங்கியிருக்கலாம். வித்தியாசத்தில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. விசிறி அரைகுறையாக ஓடும் கார் ஏசி போட்டால் மட்டும் சூடாவது இதனால்தான்.

அரைகுறையாக ஓடும் விசிறி என்பதுதான் இந்த அத்தியாயத்தின் மையம். முழுக்க நின்றுபோன விசிறியை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். "ஃபேன் சுத்துது தம்பி, ஃபேன் நல்லம்" என்று சொல்லிவிட்டு, ரேடியேற்றரையும் தண்ணீர்ப் பம்பையும் மாற்றி, கடைசியில் எஞ்சின் ஹெட்டையும் கழற்றுவதுதான் பெரிய நட்டம். சுற்றுவது வேறு, காற்றை இழுப்பது வேறு.

முதற் சோதனைக்குக் கருவி வேண்டாம். ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் உடனே அல்லது சற்று நேரத்தில் விசிறி ஓட வேண்டும். ஓடினால் மோட்டரும் அதற்கு வரும் மின்சாரமும் இருக்கின்றன. வெப்பம் ஏறியும் அது தானாக ஓடாவிட்டால் சந்தேகம் வெப்ப உணரியின் மேல். ஏசி போட்டும் ஓடாவிட்டால் ஃபியூஸ், ரிலே, வயர், மோட்டர் என்ற வரிசை. ஏசியில் வாயு குறைந்திருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் விசிறி திடீரென்று சுற்றும். கையை உள்ளே விடும் முன் அதன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

விசிறி ஓடுகிறபோது ஒரு பத்திரிகைத் தாளைக் காரின் முகப்பு வலையில் வைத்துக் கையை எடுத்துப் பாருங்கள். தாள் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நழுவி விழுந்தால் விசிறி பலவீனம். வெளியே தள்ளப்பட்டால், யாரோ மோட்டர் மாற்றியபோது இரண்டு வயர்களையும் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். கார்பன் வைத்த மோட்டர் அப்போது எதிர்த்திசையில் சுற்றி, வரும் காற்றையும் தடுக்கும். மன்னாரில் இந்தச் சோதனையை வெளியில் செய்யக் கூடாது. சோளகத்தில் செத்த விசிறி கூடத் தாளைப் பிடித்துவைத்திருப்பதாகத் தோன்றும். சுவர் மறைவில் அல்லது கராஜுக்குள் செய்ய வேண்டும். விசிறியைச் சுற்றியுள்ள பிளாஸ்ரிக் கூடு உடைந்திருந்தாலும் தாள் நிற்காது. கூடு இல்லாத விசிறி, தான் தள்ளிய காற்றையே இதழ்களின் ஓரத்தால் சுற்றி மறுபடி இழுத்துக்கொண்டிருக்கும். உடைந்த கூட்டைத் தேவையற்றது என்று எறிந்துவிடும் பழக்கம் பல கராஜுகளில் உண்டு. அதை நிறுத்த வேண்டும்.

பலவீனமான விசிறிக்கு இந்தக் கரையில் முதற் காரணம் உப்பு. கடலிலிருந்து வரும் உப்பு வெறும் சோற்றுப்பு அல்ல. சுத்தமான சோற்றுப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கசியும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட் 33 சதவீதத்திலேயே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். மன்னாரின் காற்று அந்த அளவுக்குக் காய்வது அரிது. ஒருமுறை உப்புப் படிந்த இணைப்பு வருடம் முழுதும் மெல்லிய நனைவோடுதான் இருக்கும்.

ஒரு விசிறி மோட்டரின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நல்ல டெர்மினல் மங்கிய வெள்ளி நிறத்தில் இருக்கும். கடலோரக் காரில் அதன் அடியில் பச்சைக் களிம்பு மாவாக உதிரும். வயரின் உறையை ஒரு அங்குலம் சீவினால் உள்ளே செம்பு கறுத்திருக்கும். பிளக்கின் வெள்ளைப் பிளாஸ்ரிக் ஒரு பக்கம் தவிட்டு நிறமாகி, லேசாக உருகி வளைந்திருக்கும். அந்தத் தவிட்டு நிறம்தான் சாட்சி. மோட்டர் 12 அம்பியர் இழுக்கிறது. களிம்பின் தடை வெறும் 0.2 ஓம். இரண்டு வோல்ற்றுக்கு மேல் அங்கேயே தொலைகிறது, 25 வாற்றுக்கும் மேல் வெப்பம் அந்தச் சின்ன இடத்தில் பிறக்கிறது. ஒரு சிறிய சோல்டரிங் அயனைப் பிளக்குக்குள் செருகி வைத்தது போல.

மோட்டருக்குக் கிடைப்பது 13.5 வோல்ற்றுக்குப் பதில் 11 சொச்சம். விசிறி சுற்றும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் அதன் வேகம் ஆறில் ஒரு பங்கு குறைந்தால், அது உண்டாக்கும் அழுத்தம் வேகத்தின் இருமடியாகக் குறைந்து மூன்றில் ஒரு பங்கு போய்விடும். காற்றுக்குக் கொடுக்கும் திறன் மும்மடியாகக் குறைந்து பாதியை நெருங்கும்.

இதை மல்டிமீற்றரால் பிடிக்கலாம், ஆனால் பிளக்கைக் கழற்றி அளப்பதில் பயனில்லை. மின்னோட்டம் இல்லாதபோது தடையில் வோல்ற் விழாது. களிம்பு பிடித்த வயரும் பற்றறியின் முழு 12.5 வோல்ற்றைக் காட்டும். அதை நம்பி மோட்டரை மாற்றுவார்கள். புது மோட்டரும் அப்படியே சோம்பிச் சுற்றும். எஞ்சின் ஓட, விசிறி ஓட, பிளக்கின் பின்புறத்தால் ஊசியைச் செருகி அளக்க வேண்டும். பிறகு மீற்றரின் ஒரு முனையைப் பற்றறியின் நெகற்றிவிலும் மறு முனையை மோட்டரின் நெகற்றிவிலும் வையுங்கள். 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் பழுது எர்த்தில், அதாவது பொடியோடு திருகிய அந்த ஒற்றை போல்ற்றில். துருவைச் சுரண்டி, இறுக்கி, கிறீஸ் பூசினால் தீர்ந்தது. அதே முறையில் பொசிற்றிவ் பக்கத்தையும், ரிலேயின் கால்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். எல்லாம் சரியாக இருந்து, விசிறியைத் தட்டினால் மட்டும் ஓடத் தொடங்குகிறது என்றால் மோட்டருக்குள் கார்பன் தேய்ந்துவிட்டது.

உப்பு இன்னொரு இடத்திலும் விளையாடும். அது இன்னும் நுட்பமானது. இன்றைய கார்களில் விசிறியை எப்போது ஓடவிடுவது என்று எஞ்சின் கணினிதான் தீர்மானிக்கிறது. அதற்குக் கண், தண்ணீருக்குள் முங்கியிருக்கும் ஒரு வெப்ப உணரி. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். பல ஜப்பான் கார்களில் 20 பாகையில் இரண்டரை ஆயிரம் ஓம் அளவில் இருப்பது 80 பாகையில் 320 ஓம் ஆகும், 95இல் 200 ஓமை ஒட்டி வரும். இப்போது அதன் பிளக்கில் 120 ஓம் களிம்பு சேர்ந்ததாக வையுங்கள். தண்ணீர் உண்மையில் 95 பாகை. கணினிக்குத் தெரிவது 320 ஓம், ஆகவே 80. விசிறி தேவையில்லை என்று அது காத்திருக்கும். பல கார்களில் டாஷ்போர்டின் ஊசிக்கும் இதே உணரிதான், ஸ்கானரில் தெரியும் எண்ணும் இதுவேதான். எல்லாம் ஒரே குரலில் பொய் சொல்லும். உணரி பொருந்திய இடத்தின் உலோகத்தை அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து ஸ்கானரோடு ஒப்பிட்டால் பொய் வெளிப்படும்.

ஊசியை நம்புவதற்கு வேறொரு எல்லையும் உண்டு. சாரதி பதறக் கூடாதென்று, ஏறத்தாழ 75 பாகைக்கும் 105க்கும் இடையில் எங்கிருந்தாலும் நடுவிலேயே நிற்கும்படி பல கார்களில் ஊசியை அமைத்திருக்கிறார்கள். அது அசையும்போது நேரம் ஏற்கெனவே கடந்திருக்கும். நம் வீதிகளில் நிறைந்திருக்கும் சின்னக் கார்கள் பலவற்றில் ஊசியே இல்லை. ஒரு நீல விளக்கும் ஒரு சிவப்பு விளக்கும்தான். இது வாகன உற்பத்தியாளர்கள் செய்த பிழை என்றே கருதுகிறேன். சூடான நாட்டில் சாரதிக்கு எண் தெரிய வேண்டும்.

ஹயேஸ் வான், டீசல் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன மின் விவரங்கள் பலவும் பொருந்தாது. அவற்றில் விசிறி பெல்ற்றால் சுற்றுகிறது. நடுவில் சிலிக்கோன் எண்ணெய் நிறைந்த ஒரு கிளச். ரேடியேற்றரிலிருந்து வரும் சூட்டில் அதன் முன்னாலுள்ள உலோகச் சுருள் விரிந்து எண்ணெய்க்கு வழிவிட, விசிறி இறுகிப் பிடித்துக்கொள்ளும். நன்றாகச் சூடானதும் எஞ்சினை நிறுத்திக் கையால் சுற்றினால் கனமாகச் சுற்ற வேண்டும். தட்டிவிட்டதும் பல சுற்றுப் போனால் எண்ணெய் போய்விட்டது. நடுக் குமிழிலிருந்து வெளிப்புறமாகத் தெறித்த எண்ணெய்க் கோடுகளில் புழுதி அப்பியிருப்பதும் அதே செய்தி.

இரண்டு பழக்கங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். "இது சூடான ஊர், தெர்மோஸ்டாற் தேவையில்லை" என்று அதைக் கழற்றி எறிவது முதலாவது. விசிறி பழுதான காரில் குறைவது காற்று. தண்ணீருக்குக் கூடுதல் வழி திறந்து என்ன பயன்? அதோடு, பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாற்றின் கீழ்ப்பகுதி, ரேடியேற்றருக்குப் போகாமல் சுற்றிவரும் குறுக்குவழியை மூடும் கதவாகவும் இருக்கிறது. கழற்றினால் சூடான தண்ணீர் அந்தக் குறுக்குவழியிலேயே சுற்றி, கார் முன்பைவிட மோசமாகச் சூடாகும். இரண்டாவது, விசிறியை நேரே சாவியோடு இணைத்து எந்நேரமும் ஓடவிடுவது. ஊர் போய்ச் சேர ஒருநாள் செய்யலாம். ஃபியூஸும் ரிலேயும் இல்லாமல் மெல்லிய வயரில் 12 அம்பியரை வருடக்கணக்கில் ஓடவிட்டால் அது தீ விபத்துக்கான ஆயத்தம்.

வழியில் சூடேறினால்: ஏசியை நிறுத்துங்கள், ஹீற்றரை முழுதாகத் திறந்து அதன் விசிறியை உச்சத்தில் வையுங்கள். ஹீற்றரும் ஒரு குட்டி ரேடியேற்றர்தான். தீவுக்குப் போகும் தாம்போதியில் ஓடும்போது ஏறினால், தண்ணீர் இருக்கிறது, ஆவி இல்லை என்றால், நிறுத்துவதை விட ஒரே சீராக நாற்பது ஐம்பதில் ஓட்டிக் கரை சேர்வது நல்லது. ஓட்டம் விசிறியின் வேலையைச் செய்யும். நிறுத்த வேண்டி வந்தால் மூக்கைக் காற்றுக்குத் திருப்பி நிறுத்துங்கள். ஆவி கண்டால் உடனே எஞ்சினை அணையுங்கள். ரேடியேற்றர் மூடியைத் திறக்காதீர்கள். மூடியின் அழுத்தத்தால்தான் உள்ளே தண்ணீர் 110 பாகையிலும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த கணமே அதில் ஒரு பகுதி ஆவியாக வெடித்து முகத்தில் அடிக்கும்.

பழுது பார்த்து முடிந்ததும் காரைக் காற்று படாத இடத்தில் நிறுத்தி, ஏசியை அணைத்து, எஞ்சினை ஓடவிடுங்கள். பல கார்களில் 95ஐ ஒட்டி விசிறி தொடங்க வேண்டும். சில பாகை இறக்கிவிட்டு நிற்க வேண்டும். மறுபடி ஏறும்போது மறுபடி தொடங்க வேண்டும். இப்படி இரண்டு மூன்று சுற்று ஒழுங்காக நடந்தால் ஏசியைப் போட்டு அதே இடத்தில் இன்னொரு கால் மணி நேரம் விடுங்கள். பத்திரிகைத் தாள் ஒட்டி நின்றும், மோட்டருக்கு 13 வோல்ற்றுக்கு மேல் கிடைத்தும் சூடு இறங்காமல் ஏறிக்கொண்டே போனால், விசிறியை விட்டுவிட்டு ரேடியேற்றரின் மேற்குழாயையும் கீழ்க்குழாயையும் வெப்பமானியால் பாருங்கள். மேலே 100, கீழே 50 என்றால் தண்ணீர் உள்ளே மெதுவாக ஊர்கிறது, அடைப்பு. இரண்டும் ஒரே சூடு என்றால் காற்று ரேடியேற்றரின் இதழ்களுக்குள் போகவில்லை. அப்போது கொண்டென்சருக்கும் ரேடியேற்றருக்கும் இடையிலுள்ள அந்த விரல் அகல இடைவெளியை டோர்ச் அடித்துப் பாருங்கள். மணலும் பூச்சியும் பனந்தும்பும் அங்கேதான் சேரும். எஞ்சின் பக்கமிருந்து நல்ல தண்ணீரை மெதுவாக அடித்து, வந்த வழியாலேயே அவற்றை வெளியே தள்ள வேண்டும். அலுமினிய இதழ்கள் உப்பில் அரித்து விரல் பட்டதும் மாவாக உதிர்ந்தால், ரேடியேற்றரை மாற்றுவதைத் தவிர வழியில்லை.